தரங்கம்பாடியில் இரு மணியோசைகள்

கடற்கரை ஊர்களுக்குச் செல்வோர் பெரும்பாலும் கடலைக் காணவே செல்கின்றனர். கடல் எங்கும் ஒன்றே. கரையில் மனிதர் விட்டுச்சென்ற தடங்கள்தாம் ஊருக்கு ஊர் வேறுபடுகின்றன. இரண்டு நாள் ஓய்வு கிடைத்தால் எங்கே போகலாம் என்று நம்மவர் எவரேனும் கேட்டால், வேளாங்கண்ணியையும் மணப்பாட்டையும் சொன்ன அதே மூச்சில் தரங்கம்பாடியையும் சொல்ல எனக்கு ஆசை. கேட்பவர் சற்று வியக்கக்கூடும். நம் திருத்தலம் என்று புகழ்பெற்றது எதுவும் அங்கே இல்லை. நம் முன்னோருடன் கடுமையாக வாதிட்டவர்கள் வாழ்ந்து, எழுதி, அச்சிட்டு, மண்ணில் அடங்கிய ஊர் அது. அவ்வாதின் வடுக்களையும், அவை மெல்ல ஆறிவரும் விதத்தையும் அங்கே ஒருசேரக் காணலாம். அதனாலேயே நாம் அங்குச் செல்ல வேண்டும் என்கிறேன்.

நான் சென்றது ஆராய்ச்சிக்காக அன்று. தரங்கம்பாடியை அடுத்த பொறையாற்றில் என் அத்தை இருக்கிறார். என் தந்தையாரின் ஒரே தங்கை. எண்பது வயதைக் கடந்தவர். லுத்தரன் சபையைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர் ஒருவரை மணந்து அவ்வூரிலேயே வேர் கொண்டவர். மாமா காலமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. "ஒரு சனி ஞாயிறு வந்து தங்கிவிட்டுப் போப்பா. நீ இந்த ஊரை நிதானமாகப் பார்த்ததே இல்லை" என்று அவர் பலமுறை அழைத்ததன் பேரில், தை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் மயிலாடுதுறையிலிருந்து பேருந்து ஏறினேன்.

முன்னொரு காலத்தில் மயிலாடுதுறைக்கும் தரங்கம்பாடிக்கும் இடையே இரயில் ஓடிற்று. 1926 இல் திறக்கப்பட்ட அப்பாதை 1986 இல் மூடப்பட்டுவிட்டது. இப்போது பேருந்தே துணை. செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் என்று தேவாரம் பாடிய தலங்களைத் தொட்டுத் தொட்டுச் செல்கிறது சாலை. இருபுறமும் சம்பாக் கதிர்கள் முற்றித் தலைசாய்ந்து நின்றன. சில வயல்களில் அறுவடை நடந்துகொண்டிருந்தது. திருக்கடையூரைக் கடந்த சற்று நேரத்தில் வைக்கோல் மணத்தோடு உப்புக் காற்றும் கலந்து வந்து முகத்தில் பட்டது.

பிற்பகலில் அத்தையின் மகன் என்னை ஊர் பார்க்க அழைத்துச் சென்றார். 1792 இல் டேனியர் கட்டிய வெண்ணிற நகர வாயிலின் வழியே உள்ளே நுழைந்தால், அகன்ற இராஜ வீதி நேரே கடலை நோக்கிப் போகிறது. வீதியின் இருமருங்கிலும் தடித்த தூண்களும் உயர்ந்த தாழ்வாரங்களும் கொண்ட பழைய வீடுகள். கடைத்தெருவின் இரைச்சல் வாயிலுக்கு வெளியிலேயே நின்றுவிடுகிறது. உள்ளே கேட்பது அலையோசை ஒன்றே. தரங்கம் என்றால் அலை. அலை பாடும் ஊர் என்று மக்கள் பொருள் சொல்லி மகிழ்கின்றனர்.

வீதியின் முடிவில் கடலைப் பார்த்தபடி நிற்கிறது டேனியக் கோட்டை. மிளகு வாணிகத்தை நாடி வந்த தென்மார்க்கு நாட்டாருக்கும் தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கருக்கும் 1620 இல் உடன்படிக்கை ஏற்பட்டது. பொன்னேட்டில் எழுதப்பட்ட இரகுநாதரின் மடல் ஒன்று இன்றும் கோபன்கேகன் நகரத்து ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. இருநூற்று இருபத்தைந்து ஆண்டுகள் இங்கே கொடி நாட்டியிருந்த டேனியர், 1845 இல் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போயினர். மன்னரின் கொடியும் கம்பெனியின் கணக்கும் போய்விட்டன. கோட்டையின் மதில்மேல் சிறுவர்கள் காற்றாடி விட்டுக்கொண்டிருந்தனர்.

கோட்டைக்கு வடக்கே கடலோரத்தில் மாசிலாமணி நாதர் கோயில் இருக்கிறது. 14 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. அதன் கிழக்குப் பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. கோயிலின் கருங்கற்கள் சில அலைகளுக்கிடையே தலைகாட்டிக் கிடக்கின்றன. சீர்ப்படுத்தப்பட்ட எஞ்சிய பகுதியில் வழிபாடு தொடர்கிறது. டேனியர் வரும்போதே முந்நூறு வயதாகியிருந்த கோயில் அது. தரங்கம்பாடியின் கதை ஐரோப்பியரோடு தொடங்கவில்லை என்பதை அக்கற்கள் பேசாமல் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

எனினும் உலகம் இவ்வூரை அறிந்திருப்பது ஒரு செருமானிய இளைஞரால். 1706 ஆம் ஆண்டு சூலை 9 அன்று பர்த்தலோமேயு சீகன்பால்கும் அவர்தம் தோழர் என்றிக் புளுட்சோவும் இக்கரையில் இறங்கினர். இந்தியாவுக்கு வந்த முதல் சீர்திருத்தச் சபை மறைப்பணியாளர்கள் இவர்களே. அவர்களை அனுப்பியவர் தென்மார்க்கு மன்னர். ஆயினும் கோட்டைத் தலைவருக்கு அவர்களைப் பிடிக்கவில்லை. கைம்பெண் ஒருவரின் கடன் வழக்கில் அவருக்காகச் சீகன்பால்கு பரிந்து பேசியதிலிருந்து எழுந்த பூசல், 1708 இல் அவரைச் சிறையில் தள்ளியது. நாம் பார்த்துவந்த அதே கோட்டையில் நான்கு மாதம் அடைபட்டுக் கிடந்தார். அவ்வழக்கில் கைம்பெண்ணுக்கு எதிர்த்தரப்பில் நின்றவர் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஒரு கத்தோலிக்கர் என்பதையும் நாம் மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது.

இராஜ வீதியிலேயே அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் இருக்கிறது. 1718 ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் அது திருநிலைப்படுத்தப்பட்டது. ஐந்து மாதங்களுக்குள், 1719 பிப்ரவரியில், சீகன்பால்கு இறந்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்தாறு. ஆலயத்தின் பீடத்தருகே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். சிலுவை வடிவில் அமைந்த அந்த எளிய கட்டடத்திற்குள் நின்றபோது, புனித சவேரியார் நாற்பத்தாறு வயதில் சீனத்துக் கரையருகே தனிமையில் இறந்தது என் நினைவுக்கு வந்தது. இருவரும் ஒருவரையொருவர் அறியாதவர். ஒரு நூற்றாண்டுக்கும் மேலான இடைவெளி. இருவரையும் தமிழ்க் கடற்கரைக்கு அழைத்துவந்த குரல் ஒன்றே என்று எண்ணுவதில் குற்றமில்லை.

சீகன்பால்கு வாழ்ந்த வீடு 2017 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. அச்சுக்கலையின் கதை அங்கே விளக்கப்படுகிறது. அதைப் பார்க்கும் கத்தோலிக்கர் தம் பங்கை மறந்துவிடக் கூடாது. தமிழ் மண்ணின் முதல் அச்சு நூல், முத்துக்குளித்துறையில் உழைத்த இயேசு சபைத் துறவி என்றிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்'. 1578 ஆம் ஆண்டு அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அச்சேறியது. 1586 இல் அவருடைய 'அடியார் வரலாறு' வெளிவந்தது. பின்னர் அந்த முயற்சி தேய்ந்தது. 1679 இல் அம்பலக்காட்டில் ஓர் அகராதி அச்சானதற்குப் பின் நம்மவர் அச்சகம் ஓய்ந்தது. ஓய்ந்துபோன அந்தப் பணியை மீண்டும் தொடங்கியவர்கள் தரங்கம்பாடியார். இங்கிலாந்திலிருந்து அச்சுப்பொறியும், செருமனியின் ஆலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகளும் வந்தன. 1713 இல் தமிழ் அச்சு தொடங்கிற்று. 1715 இல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகி முடிந்தது. நற்செய்தி நூல்கள் தமிழில் அச்சுருப்பெற்றது அப்போதுதான். அதை நாம் செய்திருக்கக் கூடாதா என்ற ஏக்கம் எழுகிறது. செய்தவர்களுக்கு நன்றி சொல்லும் கடமையும் எழுகிறது.

சீகன்பால்குவும் வெறுங்கையோடு தொடங்கவில்லை. வந்த இரண்டாம் ஆண்டிலேயே தாம் திரட்டிய தமிழ்ச் சுவடிகளுக்கு ஒரு பட்டியல் எழுதினார். நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களைக் குறிப்பிடும் அப்பட்டியலில் கத்தோலிக்கர் எழுதிய நூல்களுக்கும் ஒரு பகுதி உண்டு. அவற்றின் கொள்கையை அவர் ஏற்கவில்லை. அவற்றின் சொற்களை எடுத்துக்கொண்டார். தம் மொழிபெயர்ப்பில் இறைவனைக் குறிக்க அவர் ஆண்ட சொல், நம் பாட்டிமார் செபமாலையின்போது சொன்ன அதே 'சர்வேசுரன்' தான். பின்வந்த பப்ரீசியுஸ் அதைப் 'பராபரன்' என்று மாற்றினார். அதற்குப் பின்வந்தோர் 'தேவன்' என்றனர். இன்னொரு வேடிக்கையும் உண்டு. தத்துவ போதகர் மரபில் பிறந்த 'ஞானஸ்நானம்' என்ற சொல்லை நாம் 'திருமுழுக்கு' என்று மாற்றிக்கொண்டுவிட்டோம்; அவர்களோ அதை இன்றும் விடாமல் காத்துவருகின்றனர். நம் வீட்டுப் பழம் பாத்திரம் அடுத்த வீட்டு அடுக்களையில் இன்றும் புழங்குவது போன்றது இது.

அச்சிட்ட நூல்கள் கடற்கரையோடு நின்றுவிடவில்லை. தஞ்சைப் படையில் இருந்த இராஜநாயக்கன் என்னும் கத்தோலிக்க வீரர் அந்நூலைப் படித்துத் தரங்கம்பாடியாருடன் சேர்ந்தார். நம் தரப்பில் கலக்கம் எழுந்தது. அப்போது ஏலாக்குறிச்சியில் இருந்தவர் வீரமாமுனிவர். தேம்பாவணியைப் பாடிய அதே கை, வாதுக்கும் எழுத்தாணி எடுத்தது. 'வேத விளக்கம்' எழுதினார். தரங்கம்பாடியிலிருந்து 'திருச்சபை பேதகம்' என்ற நூல் வந்தபோது 'பேதகமறுத்தல்' என்று பதிலிறுத்தார். 'லுத்தேரினத்தியல்பு' என்றும் ஒன்று எழுதினார். இரு தரப்பு எழுத்திலும் இன்று படிக்கக் கூச்சம் தரும் சூடு இருக்கிறது. உலகத்தை மீட்டவரின் பெயரால், அவரை இன்னும் அறியாத மக்களின் கண் முன்னே, அவர்களுடைய மொழியிலேயே நம் வீட்டுச் சண்டையைப் போட்டோம்.

இவ்வளவுக்கும் நடுவே ஒன்று நடந்தது. வீரமாமுனிவர் பேச்சுத் தமிழுக்கு இலத்தீனில் ஓர் இலக்கணம் எழுதியிருந்தார். கொடுந்தமிழ் இலக்கணம் என்று அறியப்படுவது. தம் சபைக் குருக்கள் மக்களோடு பேசப் பழக வேண்டும் என்பதற்காக எழுதியது. அந்நூல் 1738 இல் அச்சேறியது. அச்சிட்டவர்கள் யார் தெரியுமா? தரங்கம்பாடி லுத்தரன் அச்சகத்தார். எவருடைய நூல்களை மறுத்துத் தாளும் மையும் செலவிட்டார்களோ, அவருடைய இலக்கணத்தையே தங்கள் தாளில், தங்கள் மையில் அச்சிட்டனர். அடுத்த ஆண்டு அவர்களுள் ஒருவரான வால்தர், தம்முடைய இலக்கணக் குறிப்புகளையும் அதே அச்சகத்தில் வெளியிட்டார். வேதத்தில் வீரமாமுனிவரைப் பிழை என்றவர்கள், தமிழில் அவரை ஆசான் என்று ஏற்றனர்.

அந்த வீட்டின் முற்றத்தில் நின்று இதை எண்ணியபோது எனக்கு மகிழ்ச்சியும் ஒருவகை வெட்கமும் சேர்ந்து வந்தன. எதிராளியின் தகுதியை ஒப்புக்கொள்ளும் பெருந்தன்மை அந்தப் பகைமை மிகுந்த காலத்திலேயே இயன்றிருக்கிறது. மக்களுக்குச் சொல்ல வேண்டிய செய்தி நெஞ்சில் கனலாக இருந்ததால், அதைச் சொல்லும் மொழியைக் கற்றுத்தருபவர் யாராயினும் அவரிடம் கற்கத் துணிந்தனர். இரு தரப்பாரையும் தமிழ் தன் திண்ணையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தது.

அந்தத் திண்ணையில் பின்னர் அமர்ந்தவர் நம் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' தந்த கத்தோலிக்கர். 1879 இல் அது வெளிவந்தது. அதற்கு முன்னர் அவர் தரங்கம்பாடியில் முன்சீப்பாக இருந்து நீதி வழங்கியவர். சீகன்பால்குவின் காலத்தில் ஒரு கைம்பெண்ணின் வழக்கு சிறைக்கு இட்டுச்சென்ற ஊரில், பின்னொரு காலத்தில் ஒரு கத்தோலிக்கத் தமிழர் நடுநிலை தவறாத நீதிபதி என்று பெயர் பெற்றார். காலம் தன் கணக்கை இப்படியும் நேர் செய்கிறது.

மாலையில் கடற்கரையில் சற்று நேரம் அமர்ந்திருந்தோம். கட்டுமரங்களின் இடத்தை இப்போது கண்ணாடி இழைப் படகுகள் பிடித்திருக்கின்றன. வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவர்களுடன் பேச்சு, யாரும் தொடங்காமலேயே, 2004 டிசம்பர் 26 க்குப் போயிற்று. அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள். ஆழிப்பேரலை இந்தக் கரையில் நூற்றுக்கணக்கானோரைக் கொண்டுபோயிற்று. "அன்றைக்கு அம்மா வீட்டில் உலை இறக்கவே நேரமில்லை, அத்தான்" என்றார் அத்தையின் மகன். "சோறு பொங்கிப் பொங்கிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். அங்கே தங்கியிருந்தவர் எந்தக் கோயில், எந்தச் சபை, எந்தப் பள்ளிவாசல் என்று எவரும் கேட்கவில்லை." கடல் அப்போது மிக அமைதியாக இருந்தது.

இரவு உணவுக்குப் பின் அத்தை திண்ணையில் அமர்ந்து பழைய கதையைச் சொன்னார். எனக்கு ஐந்து வயதில் நடந்தது அது. வீட்டில் எவரும் வாய்விட்டுப் பேசாததால் துண்டு துண்டாகவே அறிந்திருந்தேன். 1963 இல் மாமாவின் சபையில் அவர்கள் திருமணம் நடந்தது. அன்றைய திருச்சபைச் சட்டப்படி, பிற சபைக் குருவின் முன்னிலையில் மணம் முடித்த கத்தோலிக்கர் திருச்சபையின் உறவிலிருந்து நீக்கப்பட்டவராவார். அத்தைக்கு நற்கருணை இல்லை. வீட்டிலும் இடமில்லை. என் தந்தையார் எட்டு ஆண்டுகள் தங்கையின் வாசற்படி மிதிக்கவில்லை. "ஞாயிறுதோறும் கோயிலின் கடைசித் தூணுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டு, மற்றவர்கள் எழுந்து போகும்போது தரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்" என்றார் அத்தை. குரலில் குறை சொல்லும் தொனி இல்லை. அதனாலேயே கேட்கக் கடினமாக இருந்தது.

அந்த ஆண்டுகளில்தான் உரோமையில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடிக்கொண்டிருந்தது. 1964 நவம்பர் 21 அன்று வெளியான கிறித்தவ ஒன்றிப்பு பற்றிய ஆவணம், பிரிந்த சபையினரைச் சகோதரர் என்று அழைத்தது. பிரிவுக்கான குற்றம் இரு தரப்பிலும் உண்டு என்று ஒப்புக்கொண்டது. 1966 இல் கலப்பு மணத்துக்கான அந்தத் தண்டனை நீக்கப்பட்டது. 1970 இல் திருத்தந்தை ஆறாம் பவுல் கலப்பு மணங்கள் பற்றிய மடலை வெளியிட்டார். உரோமையில் எழுதப்பட்ட அந்தச் சொற்கள் பொறையாற்றுத் திண்ணைக்கு வந்துசேரச் சிறிது காலம் பிடித்தது. எங்கள் பங்குக் குரு ஒருவர் என் தந்தையாரிடம் பலமுறை பேசினார். அத்தையின் திருமணம் ஒழுங்கு செய்யப்பட்டு, நற்கருணைப் பேறு மீண்டது. 1971 இல் ஒரு நாள் தந்தையார் ஒரு கவுளி கும்பகோணம் வெற்றிலையும் ஒரு சீப்புப் பூவன் பழமும் எடுத்துக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தார்.

"என்ன பேசினார்கள், அத்தை?" என்று கேட்டேன்.

"அண்ணனும் அவரும் இதே திண்ணையில் உட்கார்ந்து இருட்டும்வரை பேசினார்கள். வேதத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த வருஷத்து நெல் விலையைப் பற்றித்தான்" என்று சொல்லிச் சிரித்தார்.

உள்ளே கூடத்து மேசையில் இரண்டு விவிலியங்கள் இருந்தன. ஒன்று மாமாவுடையது. கறுப்பு அட்டையின் ஓரங்கள் தேய்ந்து வெளுத்திருந்தன. மற்றொன்று அத்தையின் 'திருவிவிலியம்'. 1995 இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு. தமிழகக் கத்தோலிக்கரும் பிற சபையினரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து உருவாக்கியது அது. 'சர்வேசுரன்' என்றும் 'தேவன்' என்றும் பிரிந்து நின்ற நாவுகள் 'கடவுள்' என்னும் சொல்லில் அங்கே ஒன்றுகூடின. 'சேசு' என்று எழுதிவந்த நாமும் 'இயேசு' என்று எழுதத் தொடங்கினோம். 1715 இல் இவ்வூரில் தொடங்கிய பணிக்கு இரு வீட்டாரும் சேர்ந்து எழுதிய மறுமொழி என்று அந்நூலைக் கருதலாம். மாமாவின் கடைசி மாதங்களில் அவருக்குக் கண் மங்கிவிட்டது. மாலைதோறும் அத்தைதான் வாசித்துக் காட்டினாராம். ஒரு நாள் அவருடைய புத்தகம், மறுநாள் இவருடைய புத்தகம். "தேவன் என்று வாசித்தாலும் கேட்டுக்கொண்டிருப்பார், கடவுள் என்று வாசித்தாலும் கேட்டுக்கொண்டிருப்பார். நடுவில் நிறுத்தினால் மட்டும் கோபம் வரும்" என்றார்.

ஞாயிறு காலை இருள் பிரியுமுன் அத்தை என்னை எழுப்பினார். கத்தோலிக்க ஆலயத்தில் முதல் திருப்பலி. கூட்டம் அதிகமில்லை; மீனவக் குடும்பங்கள், சில ஆசிரியர்கள், முன்வரிசையில் கன்னியர். அது கிறித்தவ ஒன்றிப்புக்காகச் செபிக்கும் வாரம். ஆண்டுதோறும் சனவரி 18 முதல் 25 வரை நாம் கடைப்பிடிப்பது. விசுவாசிகளின் மன்றாட்டில் குருவானவர் அதற்காக ஒரு வேண்டுதல் சேர்த்தார். பொதுவாக அந்த வேண்டுதலுக்கு நாம் பழக்கத்தால் பதில் சொல்லிவிடுவோம். அன்று என் அருகில் நின்ற அத்தை சொன்ன பதிலில் அறுபது ஆண்டு வாழ்வு இருந்தது. எங்களுடன் வந்திருந்த அவர் மகன், நாங்கள் நற்கருணை வாங்கச் சென்றபோது கைகட்டித் தம் இடத்திலேயே இருந்தார்.

வீட்டுக்கு வந்து இட்லி உண்டு முடிக்குமுன் புதிய எருசலேம் ஆலயத்துக்குப் புறப்பட வேண்டியதாயிற்று. இரண்டு ஆலயங்களின் மணிகளும் தம் செவிக்குப் பழகியவை என்றார் அத்தை. காற்று எந்தப் பக்கம் வீசினாலும் எந்த மணி என்று சொல்லிவிடுவாராம். மாமா இருந்தவரை ஞாயிறு காலை இருவரும் சேர்ந்தே இரண்டு ஆலயங்களுக்கும் சென்றிருக்கின்றனர். இப்போது மகனோடும் பேரனோடும் செல்கிறார். ஆராதனையில் பழைய ஞானப்பாட்டுகளைச் சபையார் எழுந்து நின்று பாடினர். செருமானிய இராகத்தில் தமிழ்ச் சொற்கள் நிதானமாக நடந்து சென்றன. அத்தைக்கு எல்லாப் பாட்டும் மனப்பாடம்.

அன்று அங்கே திருவிருந்து நடந்தது. மகனும் பேரனும் எழுந்து பீடத்தின் முன் முழந்தாளிட்டனர். அத்தை எழவில்லை. கண்களை மூடி, கைகளைக் கோத்து, அமர்ந்த இடத்திலேயே செபித்தார். காலையில் மகன் எழாமல் இருந்தார், இப்போது தாய். ஒரே உலையில் பொங்கிய சோற்றை ஒரே பந்தியில் உண்பவர்கள், ஆண்டவரின் பந்திக்கு வந்ததும் ஒருவர் பின் ஒருவராக விலகி நிற்கின்றனர். நூல்களில் படித்த பிரிவினை எனக்கு அந்தச் சில நிமிடங்களில்தான் வலித்தது.

இரு திருச்சபைகளும் இவ்வலியை அறிந்தே இருக்கின்றன. லுத்தர் தொடங்கிய வாதின் மையமான இறைவனுக்கு ஏற்புடையவராதல் பற்றிய கோட்பாட்டில், 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் இரு தரப்பாரும் ஒரு பொது அறிக்கையில் கையெழுத்திட்டனர். 2016 இல் அதே நாளில் திருத்தந்தை பிரான்சிசு சுவீடனின் லுந்து நகருக்குச் சென்று லுத்தரன் தலைவர்களோடு சேர்ந்து செபித்தார். வாழ்வை முழுவதும் பகிர்ந்தும் நற்கருணைப் பந்தியைப் பகிர இயலாதவர்களின் துயரத்தை அன்று வெளியிட்ட கூட்டறிக்கை வெளிப்படையாகவே குறிப்பிட்டது. அந்த வரிகளை எழுதியவர்கள் என் அத்தையை அறியமாட்டார்கள். ஆயினும் அவருக்காகவே எழுதியிருக்கின்றனர்.

திரும்பும் வழியில், பந்திகள் ஒன்றாகும் நாளைத் தாம் பார்ப்போமா என்று அவர் நினைப்பதுண்டா எனக் கேட்டேன். அத்தை சிறிது நேரம் பேசாமல் நடந்தார். "அண்ணன் இந்த வீட்டுக்கு வருவார் என்றுகூட நான் நினைத்ததில்லையே, தம்பி. வந்தாரே" என்றார்.

ஒற்றுமை என்றால் யார் பக்கம் யார் சாய்வது என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். திருச்சபையின் கட்டுப்பாட்டை அத்தை ஒரு நாளும் தம் விருப்பம்போல் தளர்த்திக்கொண்டதில்லை. தம் விசுவாசத்தில் ஒரு நூலிழையும் விட்டுக்கொடுத்ததில்லை. காத்திருப்பதை மட்டும் கைவிடாமல், அடுத்தவர் பாட்டையும் மனப்பாடம் செய்துகொண்டு, இரண்டு ஆலயங்களுக்கும் நடந்துகொண்டிருக்கிறார். 1738 இல் தரங்கம்பாடி அச்சகத்தார் செய்ததும் ஒருவகையில் இதுவே. வாதம் முடியட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. முடியாத வாதத்தின் நடுவிலேயே எதிர்வீட்டாரிடம் உள்ள நன்மையை எடுத்துத் தம் மக்களுக்குக் கொடுத்தனர்.

நம் ஊர்கள் பலவற்றில் இரண்டு ஆலயங்கள் இருக்கின்றன. அடுத்த தெருவின் ஆலயத்துக்குள் ஒரு முறையேனும் நுழைந்து அமைதியாக அமர்ந்திருக்கிறோமா? அவர்களுடைய பாட்டு ஒன்றாவது நமக்குத் தெரியுமா? நம் பிள்ளைகளின் திருமணப் பேச்சில் 'அவர்கள் வேறு சபை' என்ற சொல் எழும்போது, நம் குரல் 1963 இன் குரலாக இருக்கிறதா, 1971 இன் குரலாக இருக்கிறதா? தம்மை நம்புவோர் யாவரும் ஒன்றாய் இருக்கவேண்டும் என்று பாடுகளுக்கு முந்திய இரவில் ஆண்டவர் தந்தையிடம் வேண்டினார். அந்த வேண்டுதலுக்குத் திருத்தந்தையரும் இறையியலாரும் தம் பங்கைச் செய்துவருகின்றனர். பொதுநிலையினராகிய நம் பங்கு திண்ணைகளில் இருக்கிறது. ஒரு கவுளி வெற்றிலையோடும் ஒரு சீப்புப் பழத்தோடும் அதை நாம் இந்த வாரமே தொடங்கலாம்.